மடியளவுப் போர்வை: தையல் டீச்சரின் பதில்கள்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், பழந்துணித் துண்டுகளை இணைத்து, மடியில் விரித்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய போர்வை தைத்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பதைப் பற்றி நான்கு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களால் ஒரு மஞ்சள் பை நிறைந்துவிட்டது. குடியாத்தத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, 31 வருடம் பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். இத்தனை பேர் ஊசியைக் கையில் எடுக்க நினைக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எல்லாருக்கும் பதில் எழுத இடம் இல்லை. ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், அம்மா காலமாகி ஒரு வருடம் முடிந்தது. அவர் கட்டிய நூல் புடவைகள் ஆறு, கல்யாணப் பட்டு ஒன்று, என்னிடம் இருக்கின்றன. நாங்கள் அக்கா தங்கை மூன்று பேர். ஆளுக்கு ஒரு போர்வை தைத்துத் தர ஆசை. ஆனால் கத்தரிக்கோலை எடுத்தால் கை நடுங்குகிறது. வெட்டிவிட்டால் அம்மாவின் புடவை இல்லாமல் போய்விடுமே?
வாசகி, ஆரணி

நடுங்கத்தான் செய்யும். என் அம்மாவின் புடவைகளை நானும் தகரப் பெட்டியில் 9 வருடம் பூட்டி வைத்திருந்தவள். ஆனால் உங்கள் பயத்தில் பாதியைக் கணக்குப் போட்டே போக்கிவிடலாம். ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலமாக நிற்கும். வரிசைக்கு 8, அப்படி 8 வரிசை. மொத்தம் 64 சதுரம். போர்வை 36 அங்குலத்துக்கு 36 அங்குலம் வரும். மூன்று போர்வைக்கு 192 சதுரம். ஆறு புடவைக்கும் பகிர்ந்தால் ஒரு புடவையிலிருந்து 32 சதுரம்தான். புடவையின் அகலத்தில் 9 சதுரம் கிடைக்கும் என்பதால் நான்கு வரிசை வெட்டினால் போதும். அதாவது ஒவ்வொரு புடவையிலும் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கிறீர்கள். மீதி ஐந்து மீட்டர் அப்படியே உங்கள் பீரோவில் இருக்கப்போகிறது.

எந்த முனையில் வெட்டுவது என்பதும் முக்கியம். முந்தானையைத் தொடாதீர்கள். இடுப்பில் செருகுகிற உள்முனையிலிருந்து எடுங்கள். வெயில் படாத பகுதி அது, அதிகம் வெளுத்திருக்காது. வெட்டுவதற்கு முன் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை இழையாகத் தெரிகிற இடத்தையும், இரண்டு கையால் மெல்ல இழுத்தால் விட்டுக்கொடுக்கிற இடத்தையும் விலக்கிவிடுங்கள். பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், நேராக இருக்கும்படி சதுரம் விழ வேண்டும். நூலுக்குச் சாய்வாக வெட்டினால் சதுரம் இழுபட்டு வாய்க்கோணலாகிவிடும். மஞ்சள் கறையோ, அடுப்படியில் பட்ட கரிப்பொட்டோ இருந்தால் அதைக் கழிக்க வேண்டாம். என் அம்மாவின் புடவையில் சாம்பார் கரண்டி பட்ட கறை ஒன்று இருந்தது. அதை நடு வரிசையில் வைத்தேன். என் தம்பி போர்வையைப் பிரித்ததும் முதலில் விரல் வைத்தது அங்கேதான்.

பட்டுப் புடவையைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். போர்வையில் சேர்க்க வேண்டாம். பட்டும் நூலும் ஒரே தண்ணீரில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது. ஜரிகை தோலைக் கீறும். பட்டுக்காகப் பயந்து போர்வையைத் துவைக்காமல் வைத்துவிடுவீர்கள், பிறகு அது யாருக்கும் பயன்படாது. என் பெட்டியை 9 வருடம் கழித்துத் திறந்தபோது அம்மாவின் பட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த இடத்தில்தான் முதலில் விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு மடிப்பாக மாற்றி மடித்திருந்தால் அது இன்றும் முழுதாக இருந்திருக்கும். உங்களுடையது ஆரணிப் பட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை வெட்டாதீர்கள். வீட்டு விசேஷங்களுக்கு மூன்று பேரும் முறை வைத்துக் கட்டுங்கள்.

வெட்டும் நாளில் அக்காவையும் தங்கையையும் வரச் சொல்லுங்கள். தரையில் 192 சதுரத்தையும் பரப்பி, யாருக்கு எது என்று அவர்களே பொறுக்கட்டும். அந்த மத்தியானத்தை நீங்கள் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

என் மருமகளுக்கு இரண்டு மாதத்தில் பிரசவம். பிறக்கப்போகும் குழந்தைக்கு என் கையால் ஒரு சின்னப் போர்வை தைக்க வேண்டும். உள்ளே என்ன வைப்பது? இலவம் பஞ்சு வீட்டில் இருக்கிறது.
வாசகி, ஆம்பூர்

இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லது. மெல்லிய போர்வைக்குள் வைத்தால் இரண்டு முறை துவைத்ததும் ஒரு மூலையில் உருண்டுகொள்ளும். கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு உருளாது. ஆனால் நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். சித்திரை பிறந்துவிட்டால் வேலூரும் ஆம்பூரும் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர்கள். அந்த வெயிலில் குழந்தையைப் பஞ்சில் சுற்றினால் வேர்க்குருதான் மிஞ்சும். உங்கள் வீட்டுக்காரரின் பழைய எட்டு முழ வேட்டி ஒன்று போதும். இரண்டாக மடித்து நடுவில் வையுங்கள். நூறு முறை துவைத்த வேட்டியைப் போல மென்மையான துணி எந்தக் கடையிலும் கிடையாது. பிறந்த குழந்தையைப் பழந்துணியில் ஏந்துவது நம் பக்கத்து வீடுகளில் இன்றும் பலர் கடைப்பிடிக்கிற வழக்கம். அதன் அருமை கையில் தொட்டால் தெரியும்.

மேல் துணிக்குக் குடியாத்தம் லுங்கித் துணியைச் சொல்வேன். எங்கள் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. கட்டம் போட்ட துணியில் வெட்டுக்கோடு தறியிலேயே விழுந்திருக்கிறது. ஸ்கேல், சாக்பீஸ் எதுவும் தேவைப்படாது. ஒரு லுங்கியில் 5 அங்குலச் சதுரம் நூற்றுக்கு மேல் எடுக்கலாம். புதுத் துணியானால் முதலில் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். சிவப்பு, கருநீலம் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணி குழந்தைக்கு வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். போகிற சாயத்தை உப்பு பிடித்து வைப்பதில்லை. நானே இருபது வருடம் மாணவிகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். ஒரு வயது ஆகும் வரை, தூங்கும் குழந்தையின் மேல் இந்தப் போர்வையைப் போர்த்தக் கூடாது. பக்கத்திலும் சுருட்டி வைக்கக் கூடாது. தளர்ந்த துணி முகத்தை மூடினால் பச்சைக் குழந்தைக்கு விலக்கத் தெரியாது. குழந்தை மருத்துவர்களும் இதையே சொல்கிறார்கள். அப்படியானால் எதற்கு? எண்ணெய் தேய்க்கும்போது மடியில் விரிக்க, விழித்திருக்கும்போது தரையில் குப்புற விட, தடுப்பூசிக்குப் போகும்போது தோளில் போட. நாள் முழுவதும் வேலை இருக்கும். பொத்தான், மணி, குஞ்சலம், ஜரிகை எதுவும் வைக்காதீர்கள். வாயில் போகும்.

இன்னொன்று, தைத்து முடித்ததைப் பிரசவம் வரை பெட்டியில் வைக்கும்போது அந்துருண்டை போடாதீர்கள். பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் வாடை ஏறிய துணி பட்டால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை ஏறலாம். யாருக்குக் குறைபாடு இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து வைத்தால் போதும்.

எங்கள் வீட்டில் தையல் மிஷின் இல்லை. கையால் மட்டுமே தைத்தால் உறுதியாக இருக்குமா?
வாசகி, திருப்பத்தூர்

இருக்கும். எனக்கே அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வங்காளத்துப் பெண்மணி. 1994-இல் என் தம்பியின் சிகிச்சைக்காக வேலூரில் ஒரு லாட்ஜில் 40 நாள் தங்கியிருந்தேன். ஆஸ்பத்திரியைச் சுற்றி உள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பேர் அங்கிருந்து வருகிறார்கள். பக்கத்து அறை அக்கா மால்டா பக்கத்திலிருந்து கணவரை அழைத்து வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. சாயங்காலம் ஆனால் வராந்தாவில் உட்கார்ந்து, மூன்று பழம்புடவையை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி, அந்த நூலால் ஓட்டுத் தையல் போடுவார். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போவதுதான், வேறு வித்தை இல்லை. "தேக்கோ, தேக்கோ" என்று என் விரலைப் பிடித்துக் காட்டுவார். காந்தா என்று அதற்குப் பெயர். பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி. எல்லாமே அடிப்படையில் இந்த ஒரு தையல்தான். நான் 31 வருடம் பாடத்திட்டத்தில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிற தையல் அது. அதைக் கொண்டு ஒருவர் முழுப் போர்வை தைப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: மேல் துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் சுருக்கம் இல்லாமல் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டுத் தையலை வரிசை வரிசையாக, இரண்டு விரல் இடைவெளியில். ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள், சிக்கும். முடிச்சை நடு அடுக்குக்குள் இழுத்து மறையுங்கள். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். தையல் கொஞ்சம் நெளிந்தால் பிரிக்க வேண்டாம், அப்படியே போகட்டும்.

எனக்கு வயது 66. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரமும் குளிரில் நடுங்குகிறாள். அங்கே தரும் கம்பளி சொரசொரப்பாக இருக்கிறது என்கிறாள். எனக்குப் பொத்தான் தைக்க மட்டும் தெரியும். நானே ஒரு போர்வை தைக்க முடியுமா?
வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

ஐயா, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முடியும். பொத்தான் தைக்கத் தெரிந்தது போதும், உங்களுக்கு அதைவிட அதிகம் தேவையில்லை.

இரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து சுற்றிப் போவதாலும், ஏசி அறையில் அசையாமல் படுத்திருப்பதாலும் அந்தக் குளிர் வருகிறது. வீட்டில் 40 டிகிரி அடித்தாலும் அங்கே குளிரத்தான் செய்யும். அவர் நடுக்கத்தை மிகையாகச் சொல்வதாக யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். திடீரென்று குளிர்க்காய்ச்சல் போல உடம்பு தூக்கிப்போட்டால் மட்டும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அது வேறு விஷயம்.

நீங்கள் துண்டு வெட்டி இணைக்க வேண்டாம். நன்றாகத் துவைத்த கட்டம் போட்ட பருத்தி லுங்கி இரண்டு, நடுவில் வைக்க ஃபிளானல் துணி. எல்லாவற்றையும் 36 அங்குல அகலம், 45 அங்குல நீளமாக வெட்டுங்கள். இடுப்பிலிருந்து பாதம் வரை மூடும், தரையில் புரளாது. அதைவிடப் பெரிதானால் நாற்காலிச் சக்கரத்தில் மாட்டும். மூன்றையும் அடுக்கி, பொத்தான் தைப்பது போலவே, தடித்த எம்ப்ராய்டரி நூலை மேலிருந்து கீழே விட்டு, கீழிருந்து மேலே இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, அரை அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். நான்கு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. லுங்கியின் கட்டத்தை எண்ணிக்கொண்டே போனால் வரிசை தவறாது. மொத்தம் நூறு முடிச்சுக்குள் முடிந்துவிடும். பஸ்ஸில் ஒரு நாளைக்கு நீங்கள் கிழித்த டிக்கெட்டை விடக் குறைவு! ஓரத்தை மட்டும் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து, இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து வைத்து அடித்து வாங்குங்கள்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஊசி குத்தியிருக்கும் கை எப்போதும் போர்வைக்கு வெளியே, நர்ஸ் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இரத்தம் கசிந்தால் உடனே தெரிய வேண்டும் அல்லவா? இரண்டாவது, இரத்தக்கறை பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும். கறை போன பிறகு வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைக்கலாம். மூன்றாவது, இரண்டு போர்வை தையுங்கள். ஒன்று கொடியில் காயும்போது ஒன்று அவர் மேல் இருக்கட்டும். முதல் போர்வையில் முடிச்சுகள் கோணலாக வரும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு நன்றாக வந்த இரண்டாவதை மட்டும் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரமே அவருக்குக் குளிரப்போகிறது, முதல் போர்வை அடுத்த வாரம் போக வேண்டும்.

தைத்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள் ஐயா.

டீச்சர், என் கல்லூரித் தோழியின் பிறந்தநாளுக்கு நான்கு மாதம் தைத்து ஒரு போர்வை கொடுத்தேன். அவள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டாள். கேட்டால் "அழுக்காகிவிடும்" என்கிறாள். எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.
மாணவி, காட்பாடி

உன் வருத்தம் எனக்குத் தெரியும். என் அக்காவின் பேரனுக்கு நான் தைத்த முதல் போர்வை, அவன் ஏழாம் வகுப்புக்குப் போன வருடம், கொடுத்த உறையிலேயே கிடைத்தது. அவன் அதைப் பார்த்ததே இல்லை. அக்காவுக்கு என் மேல் அத்தனை பிரியம். அந்தப் பிரியமே அதைப் பூட்டி வைத்தது. உன் தோழிக்கும் அப்படித்தான். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே.

அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்தப் போர்வையையும் கொடுப்பதற்கு முன் ஒரு முறை சோப்புப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, இஸ்திரி போடாமல் கொடுக்கிறேன். தைத்த இடமெல்லாம் மெல்லச் சுருங்கி, பத்து நாள் புழங்கிய துணி போல ஆகிவிடும். வாங்குபவருக்கு அது அழுக்காகிவிடுமே என்ற பயம் வராது. பளபளப்பு உறையிலும் போடுவதில்லை, மஞ்சள் பையில்தான். கூடவே ஒரு சீட்டு: "வாரம் ஒரு முறை துவைக்கவும். நிழலில் காயவைக்கவும். கிழிந்தால் எனக்கு அனுப்பவும்." கடைசி வரிதான் அதில் முக்கியம். கிழிந்தால் தைத்துத் தர ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் துணிந்து பயன்படுத்துகிறார்கள்.

உன் தோழியின் வீட்டுக்கு ஒரு நாள் போ. உறையிலிருந்து நீயே எடுத்து, இருவரும் அதன் மேல் உட்கார்ந்து காபி குடியுங்கள். கொஞ்சம் சிந்தினாலும் பரவாயில்லை.

போர்வையில் முதலில் நைந்துபோவது ஓரப்பட்டிதான். நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே ஓரம் இழை இழையாக வரும். அதை மட்டும் பிரித்துப் புதுப் பட்டி வைத்தால் இன்னும் ஐந்தாறு வருடம் ஓடும். அதனால் அதே துணியில் பட்டிக்கு ஒரு துண்டு எடுத்து வை. அது தீர்ந்துபோனாலும் கவலைப்படாதே, வேறு நிறம் வைக்கலாம். என் பேத்தியின் போர்வைக்கு இப்போது மூன்றாவது ஓரப்பட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை நீலம்தான் வேண்டுமாம். அவள் தாத்தாவின் நீலக்கட்ட லுங்கி ஒன்று இருக்கிறது, அதிலிருந்து எடுக்கிறேன்.